எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி?

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். நான்கு நாளாகக் காய்ச்சல். கூப்பிட்டால் குழறிக் குழறிப் பேசுகிறார். வீட்டார் எங்கே தூக்கிக் கொண்டு ஓடுவார்கள்? பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. தெற்கே போனால் கடலூர் அரசு மருத்துவமனை. கிழக்கே கடலூர்ச் சாலையை எட்டிவிட்டால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். வடக்கே புதுச்சேரி நகருக்குப் போனால் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை; அதையும் தாண்டிப் போனால் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். இதே ஆபத்து வில்லியனூரில் நேர்ந்தால் அரியூரில் உள்ள மருத்துவக் கல்லூரியும் பட்டியலில் சேரும். நாட்டின் எத்தனையோ கிராமங்களில் ஒரு டாக்டருக்கே வழியில்லை. புதுச்சேரிக் கொம்யூன்களில் இருப்பவருக்கோ எங்கே போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய சங்கடம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம்? "அந்த டாக்டருக்குக் கைராசி உண்டு" என்பார் ஒருவர். "போன மாதம் எங்கள் மாமாவை அங்கேதான் சேர்த்தோம், பிணமாகத்தான் வந்தார்" என்பார் மற்றொருவர். "தரையெல்லாம் பளிங்கு போட்டிருக்கிறார்கள், ஏ.சி. கூட இருக்கிறது" என்பார் மூன்றாமவர். இவற்றைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. மூன்றும் ஒரு வகையில் அளவைகளே. கைராசி என்பது பல நோயாளிகளுக்கு நேர்ந்த முடிவை ஊர் தன் மனத்தில் கூட்டிப் போட்ட கணக்கு. மாமாவின் கதை ஒரே ஒரு நோயாளியை வைத்துப் போட்ட கணக்கு. பளிங்குத் தரை கட்டடத்தை வைத்துப் போட்ட கணக்கு. மூன்றிலும் உள்ள குறை ஒன்றுதான்: யார், எந்த நிலையில், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்ற கேள்வியே இவற்றில் எழுவதில்லை.

படித்தவர்களும் அரசாங்கமும் கையில் வைத்திருக்கும் அளவைகள் இவற்றைவிட மேலானவையா? வாசகர்களே, இக்கட்டுரையில் அதைத்தான் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

ஆஸ்பத்திரியின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக் கொள்வோம். பிரசவம், கண் அறுவை, எலும்பு முறிவு எல்லாம் இப்போது வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பக்கவாதம், கடுங்காய்ச்சல், பாம்புக்கடி, பூச்சி மருந்து குடித்தது என்று திடீரென மோசமாகி வந்து சேருபவர்களை முதல் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கும் இடம் அது. பிரிட்டனில் இதற்கென்று தனிப் பிரிவே உண்டு. 'கடும்நோய் மருத்துவப் பிரிவு' என்று தமிழில் சொல்லலாம். நம் ஊரில் இது கேஷுவாலிட்டி, மெடிக்கல் வார்டு, ஐ.எம்.சி.யு. என்று மூன்று கதவுகளுக்குப் பின்னால் பிரிந்து கிடக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியின் தரம் இங்கேதான் வெளுக்கும் என்பது என் எண்ணம். நாள் குறித்துக் கொண்டு வரும் அறுவை நோயாளிக்கு எல்லாம் தயாராக இருக்கும். இரவு பதினொரு மணி நோயாளிக்கு என்ன தயாராக இருக்கிறது?

பட்டியலும் விருதும்

மத்தியக் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசையில் 2018 முதல் மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 2024-இல் ஜிப்மருக்கு ஐந்தாம் இடம். புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்படலாம். ஆனால் அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது? நூற்றுக்குக் கற்பித்தலும் அதற்கான வசதியும் 30, ஆராய்ச்சி 30, மாணவர் தேர்ச்சி 20, பல தரப்பினரையும் சேர்த்துக் கொள்வது 10, பெயர் மதிப்பு 10. இந்த ஐந்து தலைப்புகளில் 'நோயாளி பிழைத்தாரா' என்பது ஒரு தலைப்பு அன்று. இது கல்லூரிகளுக்கான பட்டியல் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. செய்தித்தாளில் அதைப் பார்த்துவிட்டு 'இந்தியாவின் ஐந்தாவது சிறந்த ஆஸ்பத்திரி' என்று படித்துக் கொள்கிறோமே, அதுதான் பிழை.

2015-இல் தொடங்கிய காயகல்ப் விருது அரசு மருத்துவ நிலையங்களின் சுத்தத்துக்கு உரியது. கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு அகற்றல், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் வெளியார் இடும் மதிப்பெண் 70 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். கழிப்பறை சுத்தமாவதை யார் வேண்டாம் என்பார்? ஆனால் மூச்சுத் திணறி வந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் ஆக்ஸிஜன் கிடைத்தது என்பதை இந்த விருதில் தேடக்கூடாது.

2013-இல் மத்திய சுகாதார அமைச்சகம் கொண்டு வந்த தேசியத் தர உறுதி நெறிகள் இவற்றைவிடக் கனமானவை. சேவைகள், நோயாளியின் உரிமை, ஆளும் பொருளும், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவு என்று எட்டுப் பெரும்பகுதிகள். வெளியிலிருந்து வரும் பரிசோதகர்கள் ஒவ்வொரு சிறு கேள்விக்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடுகிறார்கள். கண்ணால் பார்க்கிறார்கள், ஊழியரைக் கேட்கிறார்கள், பதிவேட்டைப் புரட்டுகிறார்கள், நோயாளியிடமும் பேசுகிறார்கள். மொத்தத்தில் 70 விழுக்காடு எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெரும்பகுதியிலும் அதை எட்ட வேண்டும். தரையைத் துடைத்துவிட்டுச் சிகிச்சையில் கோட்டை விடும் ஆஸ்பத்திரி சான்றிதழ் வாங்கிவிடாதபடி யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இருந்தும் அது ஒப்பிட உதவாது. ஓர் ஆஸ்பத்திரி 82 வாங்குகிறது, இன்னொன்று 86 வாங்குகிறது. 86 வாங்கிய இடத்தில் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலா? சொல்ல முடியாது, அந்த நான்கு மதிப்பெண் சலவைப் பிரிவிலிருந்து வந்திருக்கலாம். 'விளைவு' என்ற எட்டாவது பகுதியிலும் இன்னின்ன எண்களைக் கணக்கிடுகிறீர்களா, அவை வகுத்த அளவுக்கு ஒத்திருக்கின்றனவா என்றுதான் கேட்கப்படுகிறது. வந்த நோயாளிகள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. மேலும் பரிசோதகர் வரும் நாள் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே!

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவெடிஸ் டொனபெடியன் என்ற மருத்துவர் 1966-இல் ஒரு பாகுபாட்டைச் சொன்னார். மருத்துவத்தின் தரத்தை மூன்று இடங்களில் அளக்கலாம்: அமைப்பு, செயல், விளைவு. கட்டிலும் கருவியும் டாக்டரும் இருக்கிறார்களா என்பது அமைப்பு. அவர்கள் செய்ய வேண்டியதை வேளையில் செய்தார்களா என்பது செயல். நோயாளி என்ன ஆனார் என்பது விளைவு. நம்மிடம் உள்ள விருதும் சான்றிதழும் பெரும்பாலும் அமைப்பைச் சுற்றியே நிற்கின்றன. அப்படியானால் நேரே விளைவுக்குப் போய்விட்டால் என்ன? செத்தவர்களை எண்ணினால் போதாதா?

சாவை எண்ணுவது

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய சீமாட்டியாகவே நமக்குப் பாடப் புத்தகம் காட்டியிருக்கிறது. அவர் புள்ளியியலிலும் தேர்ந்தவர். மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில் இங்கிலாந்தின் 106 மருத்துவமனைகளைப் பற்றிய அட்டவணை ஒன்று உண்டு. கணக்கிட்டவர் வில்லியம் ஃபார். அதன்படி லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 விழுக்காடு! நாட்டுப்புற மருத்துவமனைகள் 25-இல் 39.41. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். லண்டன் ஆஸ்பத்திரிக்குள் போனால் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வருவதில்லையா?

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 1861-இல் அந்த 24 மருத்துவமனைகளில் இறந்தவர்கள் 3,828 பேர். அதை எந்த எண்ணால் வகுத்தார்கள்? அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று படுக்கையில் இருந்த 4,214 பேரால். இறந்தவர்கள் ஓர் ஆண்டுக்கு உரியவர்கள். வகுக்கும் எண் ஒரு நாளுக்கு உரியது. ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்துப் பேர் வந்து போனால் அந்த 90 சுமார் ஒன்பதாகிவிடும். மருத்துவர்கள் வெகுண்டு எழுந்து பத்திரிகைகளில் வாதாடினார்கள். வகுக்கும் எண்ணைப் பற்றிய சண்டை அது. பின்னத்தில் மேலே உள்ள எண்தான் எப்போதும் நம் கண்ணைக் குத்தும். ஏமாற்றுவது கீழே உள்ள எண்.

வகுக்கும் எண்ணைச் சரி செய்துவிட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓர் ஊர் ஆஸ்பத்திரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் ஆண்டுக்கு 1,000 நோயாளிகள். ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 900 பேர் லேசான நோயாளிகள். அவர்களில் 9 பேர் இறந்தார்கள். 100 பேர் கடுமையானவர்கள்; 30 பேர் இறந்தார்கள். மொத்தம் 39 சாவு, அதாவது 3.9 விழுக்காடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் லேசானவர்கள் 400, இறந்தவர்கள் 2. கடுமையானவர்கள் 600, இறந்தவர்கள் 120. மொத்தம் 122 சாவு, 12.2 விழுக்காடு. செய்தித்தாள் எப்படி எழுதும்? 'பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மடங்கு சாவு' என்று எழுதும். பென்சிலை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். லேசான நோயில் ஊர் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு ஒருவர், பெரிய ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு அரை. கடும் நோயில் ஊர் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 30, பெரிய ஆஸ்பத்திரியில் 20. இரண்டு வகை நோயாளிக்கும் பெரிய ஆஸ்பத்திரியே மேல். மொத்தத்தில் அதுவே மோசமாகத் தோன்றுகிறது!

இதற்குப் பரிகாரமும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் அதே 1,000 பேரும் ஊர் ஆஸ்பத்திரியின் விகிதப்படி இறந்திருந்தால் எத்தனை சாவு? 400-க்கு 4, 600-க்கு 180; ஆக 184. உண்மையில் இறந்தது 122. எதிர்பார்த்ததை 100 என்று வைத்தால் நடந்தது 66. பிரிட்டனில் பிரையன் ஜார்மன் என்ற மருத்துவர் 1999-இல் வெளியிட்ட மருத்துவமனைத் தரப்படுத்திய இறப்பு விகிதத்தின் அடிப்படை இதுதான். அவர் லேசு, கடுமை என்று இரண்டாகப் பிரிப்பதோடு நிற்காமல் வயது, பால், நோயின் பெயர், அவசரமாக வந்தவரா என்று பலவாறாகப் பிரித்தார்.

ஜிப்மரை இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே வருபவர்கள் புதுச்சேரிக்காரர்கள் மட்டுமல்லர். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 'இனி இங்கே முடியாது' என்று சொல்லப்பட்டவர்களும் அங்கேதான் போகிறார்கள். அப்படி அனுப்பி வைத்த ஆஸ்பத்திரியின் சாவுக் கணக்கு குறைகிறது. வாங்கிக் கொண்ட ஆஸ்பத்திரியின் கணக்கு ஏறுகிறது. அமெரிக்காவில் 1986-இல் அரசாங்கம் முதியோர் காப்பீட்டு நோயாளிகளின் இறப்பை ஆஸ்பத்திரி வாரியாக வெளியிட்டது. மிக மோசமாகத் தெரிந்த இடத்தில் 87.6 விழுக்காடு பேர் இறந்திருந்தார்கள், எதிர்பார்த்ததோ 22.5. விசாரித்தால் அது சாகும் தறுவாயில் இருப்பவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட இல்லம்! 1993-இல் அந்த வெளியீட்டையே நிறுத்திவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்' என்பார்கள். வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்று குடும்பத்தாரும் விரும்புவார்கள். மூச்சு இருக்கும்போதே வண்டியில் ஏற்றி, பாகூருக்கு வந்து, விடியற்காலையில் கதை முடிகிறது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'டாக்டர் சொல் மீறி வெளியேறினார்' என்று இருக்கும். சாவு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். எனவே அது கொம்யூன் பஞ்சாயத்தின் ஏட்டில் ஏறும். இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை ஆஸ்பத்திரியின் எண் பொய்யே சொல்லும். இதற்காகத்தான் பிரிட்டனில் 2011 முதல் வீட்டுக்குப் போய் 30 நாளுக்குள் இறந்தவரையும் ஆஸ்பத்திரிக் கணக்கில் சேர்க்கும் மற்றொரு விகிதத்தை வெளியிடுகிறார்கள்.

சிறு எண்களின் தொல்லையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உண்மையான இறப்பு விகிதம் 10 விழுக்காடு உள்ள ஓர் இடத்தில் 100 நோயாளிகளை எடுத்தால், யாருடைய திறமையும் மாறாமலே, சாவு 4 முதல் 16 வரை வெறும் தற்செயலால் ஏறி இறங்கும். 10,000 பேரை எடுத்தால்தான் அது 9.4-க்கும் 10.6-க்கும் இடையே அடங்கும். ஒரு சமுதாய நல மையத்தில் ஆண்டுக்குப் பதினைந்து மாரடைப்பு வந்தால், அதில் சாவை எண்ணிச் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது சோழி உருட்டுவதற்குச் சமம்.

மூச்சை எண்ணுங்கள்

ஆகவே சிறிய இடங்களில் விளைவை மட்டும் நம்ப முடியாது. செயலை எண்ண வேண்டும். எந்தச் செயலை? விளைவோடு தொடர்புள்ளது என்று முன்பே நிரூபணமான செயலை. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தார்களா? கிருமித் தொற்றால் இரத்த அழுத்தம் விழுந்து வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறியதா? இவற்றுக்கு நூறு நோயாளிகளே போதும். நூறு பேரில் எண்பது பேருக்கு நடந்தது, இருபது பேருக்கு நடக்கவில்லை என்றால் அந்த இருபது பேரின் கேஸ் ஷீட்டை எடுத்து ஏன் என்று பார்க்கலாம். சாவு எண் 'ஏதோ கோளாறு' என்று மட்டும் சொல்லும். இது எங்கே கோளாறு என்று சொல்லும்.

இவற்றிலெல்லாம் எளியது மூச்சு எண்ணிக்கை. விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றே கருவி. வளர்ந்த மனிதர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உடல் உள்ளே தோற்கத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் ஏறுவது இதுதான். பிரிட்டனில் 2012-இல் கொண்டு வந்து 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, இரத்தத்தில் ஆக்ஸிஜன், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறதா என்பது, இரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் சொன்ன பாகூர் நோயாளிக்கு மூச்சு 26, ஆக்ஸிஜன் 93 விழுக்காடு, மேல் அழுத்தம் 98, நாடி 118, காய்ச்சல் 103 டிகிரி, பேச்சில் குழப்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூச்சுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 2, அழுத்தத்துக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 2, குழப்பத்துக்கு 3. கூட்டினால் 14. ஏழைத் தொட்டாலே மூத்த மருத்துவர் ஓடி வர வேண்டும் என்பது விதி. 14-ஐ வைத்துக் கொண்டு ஒருவரை பெஞ்சில் உட்கார வைக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல நாடுகளிலும் வார்டுப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் கண்டது: மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 18, 20, 18, 20 என்றே வரிசையாக இருக்கும். கட்டில் கட்டிலாக எல்லா நோயாளியும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்களா? இல்லை, யாரும் எண்ணவில்லை. ஒரு வார்டின் தரத்தைக் காசு செலவில்லாமல் அறிய வேண்டுமானால் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும் என்பேன். மூச்சு 17, 23, 31, 14 என்று தாறுமாறாக இருந்தால் அங்கே யாரோ கட்டிலருகில் ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்கள்.

பிரிட்டனின் கடும்நோய் மருத்துவச் சங்கம் 2012 முதல் ஒரு கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ஆண்டு முழுவதும் ஏடு நிரப்பச் சொல்வதில்லை. ஒரே ஒரு நாளைக் குறித்து, பங்கு கொள்ளும் பிரிவுகள் எல்லாம் அன்று வந்த நோயாளிகளை ஒரே விதிப்படி எண்ணுகின்றன. கேள்விகள் மூன்று. வந்த 30 நிமிடத்துக்குள் முன்னெச்சரிக்கை மதிப்பெண் போட்டார்களா? 4 மணி நேரத்துக்குள் முடிவெடுக்கக் கூடிய ஒருவர் பார்த்தாரா? பகலில் வந்தவரை 6 மணி நேரத்துக்குள், இரவில் வந்தவரை 14 மணி நேரத்துக்குள் மூத்த நிபுணர் பார்த்தாரா? ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணை மற்றவர் எண்ணோடு வைத்துப் பார்த்துக் கொள்கிறது. நம் விருதுகளின் நூற்றுக்கணக்கான கேள்விகளைவிட எனக்கு இந்த மூன்று பிடித்திருக்கிறது.

அவற்றை அப்படியே இங்கே கொண்டு வந்து நட்டுவிட முடியாது. நெல்வயல் சூழ்ந்த பாகூருக்கு அதற்கே உரிய கேள்விகள் வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறையாது. இதை அறிய நம் நாட்டுச் சிகிச்சை நெறிகள் சொல்லும் சோதனைக்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயானால் சோதனை கெட்டுவிடும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அவற்றில் இரத்தம் உறையக்கூடும், கண் இமை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குழாய்க்கு எத்தனை நிமிடம், குழாயிலிருந்து முதல் குப்பி விஷமுறிவு மருந்துக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு பள்ளி மாணவன் கூடக் கணக்கிட்டுவிடலாம். பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. இந்த நிமிடங்களை எண்ணாமல் அந்தப் பாதி எப்படி வரும் என்று தெரியவில்லை.

மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் இந்தப் பக்கத்தில் தலைகாட்டும் உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கும். எங்கே? அக்குளில், தொடை இடுக்கில், மார்பின் மடிப்பில். ஆடையை விலக்கித் தேடாதவருக்கு அது தெரியாது. தெரிந்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை. 'நாள்பட்ட காய்ச்சலோடு வந்த நூறு பேரில் எத்தனை பேரைத் தேடிப் பார்த்தீர்கள்?' இந்தக் கேள்வி லண்டனில் பயன்படாது. வில்லியனூரில் உயிர் காக்கும்.

அளவுகோல் எஜமானன் ஆனால்

எண்ணத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு நகர மருத்துவமனையின் கதை அதற்குச் சாட்சி. அவசரப் பிரிவுக்கு வந்தவரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது அந்நாட்டு இலக்கு. பல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் கடைசி இருபது நிமிடத்தில்தான் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கடிகாரத்துக்காக வைத்தியம் நடந்தது. ஸ்டாஃபோர்டில் ஆட்குறைப்பும் சேர்ந்து கொண்டது. யார் அவசரம், யார் காத்திருக்கலாம் என்பதை மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானித்தார்கள். 2007-இல் அதன் தரப்படுத்திய இறப்பு எண் 127 என்று வெளியானது. அதாவது எதிர்பார்த்தது 100 என்றால் நடந்தது 127. நிர்வாகம் என்ன சொன்னது? நோய்க் குறியீடு எழுதியதில் பிழை என்றது! 2008 பிப்ரவரியில் அந்நிறுவனத்துக்கு உயர்தகுதி வேறு கிடைத்தது. 2009 மார்ச்சில் மேற்பார்வை ஆணையத்தின் அறிக்கை வந்தபோதுதான் குட்டு உடைந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் விடாமல் போராடியதன் பேரில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013-இல் வெளிவந்தது.

இந்தக் கதையில் எண் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 127 என்ற எண் சந்தேகத்தைக் கிளப்பியது. அது அதன் வேலை. சந்தேகம் வந்ததும் வார்டுக்குள் போய்ப் பார்க்காமல் எண்ணோடு வழக்காடியதுதான் குற்றம். இலக்கு எண்களோ பதவிக்கும் பணத்துக்கும் கட்டப்பட்டுவிட்டன. பரிசுத் தொகையைக் கட்டிவிட்டால் எந்த எண்ணும் வளையும். அதனால்தான் கடும்நோய்ப் பிரிவுகளின் நிமிடக் கணக்குக்கு விருதோ தண்டனையோ கூடாது என்கிறேன். வெளியிட வேண்டும், அவ்வளவே.

இங்கே முடியுமா?

புதுச்சேரிக்கு ஒரு வசதி இருக்கிறது: ஊர் சிறியது. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலிருந்து கடும்நோயாளிகள் போய்ச் சேரும் இடங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அரசு, மத்திய நிறுவனம், தனியார் கல்லூரி என்று மூன்று ஆட்சிக்கு உட்பட்டவை அவை. இவர்களை ஒரே நாளில் ஒரே தாளில் எண்ண வைப்பது மருத்துவப் பிரச்சினையாக இராது; யார் கடிதம் எழுதுவது என்ற பிரச்சினையாக இருக்கும்.

30 நாளுக்குப் பிறகு நோயாளி என்ன ஆனார் என்று அறிவதும் மலையைப் பெயர்க்கிற காரியம் அன்று. வில்லியனூர்க் கொம்யூனில் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புறச் சுகாதார மையம் இருக்கிறது. ராமநாதபுரம், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு, பிள்ளையார்குப்பம் ஆகிய கிராமங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. (இந்தப் பிள்ளையார்குப்பம் வேறு, பாகூர்ப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி உள்ள பிள்ளையார்குப்பம் வேறு. பெயரை மட்டும் வைத்து இரண்டு ஏட்டைச் சேர்ப்பவர்கள் முதலில் இடறி விழப் போகும் இடம் இதுவே.) மருத்துவ மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயிலும் இடம் அது. அந்தச் சில கிராமங்களிலிருந்து ஓர் ஆண்டில் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் அவசரமாகப் போனார்கள், 30-ஆம் நாள் எத்தனை பேர் வீட்டில் இருந்தார்கள் என்று பார்த்தாலே ஒரு வெள்ளோட்டம் ஆகும். எண்கள் சிறியவையாகத்தான் இருக்கும். சாவை ஒப்பிட அவை போதா. ஆனால் 'வீட்டுக்குக் கொண்டு போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஆஸ்பத்திரி ஏட்டிலிருந்து கிடைக்காத செய்தி. அது இங்கே கிடைக்கும்.

இன்னொரு தாளும் இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும்போது நோயாளி கையில் கொடுக்கும் சீட்டு. அனுப்பிய இடம், வாங்கிய இடம் இரண்டின் தரமும் பதிவாகும் ஒரே தாள் அது. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். புறப்பட்ட நேரம் எழுதியிருக்கிறதா? என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று இருக்கிறதா? மூச்சு எண்ணிக்கை என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அது 20-ஆ என்று பாருங்கள்.